எலும்பும் கொம்பும் கையால் செதுக்குவது: ஊசியில் தொடங்கி சீப்பு வரை

தமிழில் மாட்டுக்கு இருப்பதும் கொம்பு, மானுக்கு இருப்பதும் கொம்பு. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த ஒரு சொல்லில்தான். இரண்டும் வேறு வேறு பொருள்.

மாட்டுக் கொம்பு நம் நகத்தின் உறவு. கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காகப் படிந்து, உள்ளே இருக்கும் எலும்புக் கூம்பின் மேல் உறைபோல வளர்கிறது. மாடு, எருமை, ஆடு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஒருமுறை முளைத்தால் கடைசிவரை கூடவே இருக்கும். மான் கொம்பு அப்படியல்ல, அது முழுக்க முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைக்கும். பெரும்பாலும் ஆணுக்கு மட்டும்தான் உண்டு. மான் இனங்களில், துருவப் பகுதியில் வாழும் ரெயின்டீர் ஒன்றில்தான் பெண்ணுக்கும் கொம்பு வரும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் ஒவ்வொரு வேலையும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. மாட்டுக் கொம்பு சூட்டில் இளகும், வளைக்கலாம், தட்டையாக அழுத்தலாம். எலும்பும் மான் கொம்பும் எவ்வளவு சூடாக்கினாலும் வளையாது, கெட்டுத்தான் போகும். கையில் இருப்பது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வேகவைத்தால் ஒன்று தேறும், இரண்டு வீண்.

சந்தேகம் வந்தால் கத்தி முனையால் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். எலும்பு மாவாக உதிரும். மாட்டுக் கொம்பு, பென்சில் சீவும்போது வருவதுபோலச் சுருளாக வரும். சூடான ஊசியைத் தொட்டால் கொம்பில் அது லேசாக இறங்கும், முடி பொசுங்கும் வாடை அடிக்கும். எலும்பில் ஊசி இறங்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளோ குட்டிக் கோடுகளோ தெரியும். ரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் அவை. வெட்டு முகத்தில் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் அது யானைத் தந்தம். அதைக் கீழே வைத்துவிடுங்கள். அதன் சர்வதேச வணிகத்துக்கு 1989-லேயே தடை முடிவாகிவிட்டது.

மான் கொம்பிலும் எச்சரிக்கை வேண்டும். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்வதோ விற்பதோ இந்தியா உட்படச் சில நாடுகளில் குற்றம். சில நாடுகளில் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். சட்டம் இடம் தராவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை, மாட்டெலும்பும் எருமைக் கொம்பும் போதும். வாழ்நாள் முழுக்கச் செதுக்க அதில் வேலை இருக்கிறது.

எந்த எலும்பு?

மாட்டின் காலில், முழங்காலுக்குக் கீழே குளம்புக்கு மேலே ஒரு நேரான எலும்பு இருக்கும். பழைய காலத்திலிருந்தே எலும்புக் கைவினைஞர்கள் தேடி எடுத்தது அதைத்தான். நேராக இருக்கும், சுவர் கனமாக இருக்கும், அரை சென்டிமீட்டருக்கு மேல் திடமான பகுதி கிடைக்கும். தொடை எலும்பும் நல்லதுதான், ஆனால் வளைவு அதிகம். இரண்டு முனைகளிலும் உள்ள குமிழ் பகுதி உள்ளே பஞ்சுபோல ஓட்டையாக இருக்கும், அது செதுக்க உதவாது. நமக்கு வேண்டியது நடுத்தண்டு மட்டும்.

ஆட்டுக்கால் எலும்பு மெல்லியது, ஊசிக்கும் குத்தூசிக்கும் சரியாக இருக்கும். பறவை எலும்பு உள்ளே வெற்றாக இருப்பதால் செதுக்க வராது, ஆனால் குழலுக்கு அதைப்போல் வராது. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008-ல் ஒரு குழல் கிடைத்தது. பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பில் ஐந்து விரல்துளை போட்டுச் செய்தது, வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல். அதைச் செய்தவர் கையில் இரும்பு என்ற ஒன்றே இல்லை. நம்மிடம் ரம்பமும் அரமும் இருக்கின்றன. சாக்குப்போக்குச் சொல்ல முடியாது.

ஒரு விஷயம்: குக்கரில் வெந்து, சாப்பிட்டு முடித்த எலும்பு வேண்டாம். பச்சை எலும்பாக வாங்குங்கள்.

சுத்தம் செய்வது: பொறுமை எல்லாம் இங்கேதான்

செதுக்குவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு எலும்பின் தலையெழுத்து இந்தக் கட்டத்தில் முடிவாகிவிடுகிறது.

எலும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரதம். கடினம் தாதுவிலிருந்து வருகிறது, உடையாத தன்மை கொல்லாஜனிலிருந்து. கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் கொல்லாஜன் கரைந்து சூப்பில் போய்விடும். எஞ்சுவது சாக்பீஸ். என் முதல் எலும்பை நான் அப்படித்தான் கெடுத்தேன். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று ஐந்தாறு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன், போதாததற்குப் பிளீச்சிங் பவுடரிலும் ஊறப் போட்டேன். பால்போல வெள்ளையாக வந்தது. ரம்பம் வைத்ததும் ஓரம் ஓரமாகப் பொரிந்தது. பிளீச்சிங் பவுடர் கொல்லாஜனைத் தின்றுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சரியான வழி இது. ஒட்டியிருக்கும் தசையையும் சவ்வையும் கத்தியால் வழித்து எடுங்கள். இரண்டு முனைகளையும் ரம்பத்தால் அறுத்துத் தள்ளுங்கள். அப்போது குழாய்போல ஒரு தண்டு கிடைக்கும். உள்ளே உள்ள மஜ்ஜையை ஒரு கம்பியோ குச்சியோ விட்டுத் தள்ளி எடுங்கள். இனி தண்ணீரில் போட்டு, கொதிக்காமல், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி மட்டும் வரும் சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துக்கொண்டே இருங்கள். சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

இதோடு கொழுப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எலும்பின் நுண்துளைகளில் அது ஒளிந்திருக்கும். செய்து முடித்த பொருள் ஆறு மாதம் கழித்து மஞ்சள் திட்டுத்திட்டாக மாறுவதும், கையில் பிசுபிசுப்பதும் இதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தாராளமாக ஊற்றி எலும்பை ஊறப் போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்கும் வரை இது தொடர வேண்டும். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

வெளுப்பாக வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரம் வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு சேரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்து நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து நீளவாக்கில் வெடிப்பு விடும். ஒரு வாரம், பத்து நாள் ஆனாலும் நிழல்தான்.

தூசி

எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கொம்புத் தூளும் அப்படியே. என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் போடாமல் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது கணக்கில் சேராது. முடிந்த இடத்தில் எல்லாம் ஈரத்தோடு தேய்த்தால் தூசி பறக்காது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, காட்டிலும் மேட்டிலும் கிடந்த பழைய எலும்பை எடுத்து வராதீர்கள். கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்ஸா (இரும்பறுக்கும் ரம்பம்) பிளேடு, நகைப் பட்டறையில் பார்க்கும் மெல்லிய கம்பி ரம்பம், ஒரு தட்டையான அரம், அரைவட்ட அரம், ஒரு செட் ஊசி அரங்கள், கையால் சுற்றும் சின்ன டிரில், உப்புத்தாள் 120-லிருந்து 1000 வரை, பொருளை இறுக்கிப் பிடிக்க மேசையில் பொருத்தும் ஒரு வைஸ். வைஸின் தாடையில் மரத்துண்டோ தோலோ வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் எலும்பில் பல் பதியும்.

இவற்றோடு ஒரு பலகைத் துண்டு வேண்டும். முனையில் ஆங்கில வி எழுத்துபோல ஒரு வெட்டு வெட்டி, மேசை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்கிவிடுங்கள். சின்னப் பொருளை அந்த வெட்டின் மேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, வெட்டுக்குள் ரம்பம் ஏறி இறங்கும்படி அறுப்பது. வைஸில் மாட்டி மாட்டிக் கழற்றுவதைவிட இது ஆயிரம் மடங்கு வசதி. கம்பி ரம்பத்தின் பல் கைப்பிடியைப் பார்த்தபடி, அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழுக்கும்போதுதான் அது அறுக்கும். பிளேடை விரலால் சுண்டினால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் இரண்டாவது நிமிஷத்தில் உடைந்துவிடும்.

சுரண்டியை மறந்துவிடாதீர்கள். நேரான விளிம்புள்ள ஒரு எஃகுத் தகடு அல்லது பழைய கத்தி போதும். அதைச் செங்குத்தாக நிறுத்தி, உங்களை நோக்கி இழுத்தால் அரம் போட்ட கோடுகள் எல்லாம் ஓடிவிடும். உப்புத்தாளில் அரைமணி நேரம் தேய்ப்பதைச் சுரண்டி ஐந்து நிமிஷத்தில் முடிக்கும்.

முதல் வேலை: ஒரு ஊசி

பதக்கம், மோதிரம் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு தடித்த ஊசி செய்யுங்கள். எலும்பின் நார் ஓட்டம், அறுப்பது, துளைப்பது, அரம் போடுவது, மெருகு எல்லாம் அந்தச் சின்னப் பொருளுக்குள் வந்துவிடும்.

எலும்பின் நார் நீளவாக்கில் ஓடுகிறது, மரம்போல. நீளமான பொருள் எதுவானாலும் நாரோடு சேர்ந்து போக வேண்டும். குறுக்கே எடுத்த ஊசி முதல் குத்திலேயே முறியும். உலர்ந்த தண்டை ஒரு இரவு தண்ணீரில் போட்டு எடுங்கள். அறுப்பது எளிதாகும், தூசியும் குறையும். நீளவாக்கில் இரண்டு கோடு பென்சிலால் போட்டு, 8 சென்டிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை அறுத்து எடுங்கள். உட்புறத்தில் பஞ்சுபோன்ற பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் அதை அரத்தால் முழுவதும் எடுத்துவிட்டு, கனத்தை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு, ஊசியை அழகாக இழைத்துக் கூர்மையாக்கிவிட்டுக் கடைசியில் காதில் துளை போடப் போவது. தலை உடையும், இரண்டு மணி நேர வேலை போகும். துளைதான் முதலில். பட்டை அகலமாக இருக்கும்போதே, முனையிலிருந்து 7 மில்லிமீட்டர் தள்ளி, ஊசி அரத்தின் முனையால் ஒரு சின்னக் குழி போடுங்கள். டிரில் பிட் வழுக்காமல் அதில் உட்காரும். ஒன்றரை மில்லிமீட்டர் பிட் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பாதி தூரம் போனதும் நிறுத்தி, திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒரே பக்கமாகப் போனால் வெளியே வரும் இடத்தில் சில்லு பெயரும். அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். கருகல் வாடை வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

துளை சரியாக அமைந்த பிறகு உடம்பை இழைக்கலாம். பலகையின் மேல் பட்டையை வைத்து, அரத்தை ஒரே திசையில், முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். முதலில் நான்கு பட்டையாக, பிறகு நான்கு மூலையையும் தட்டி எட்டுப் பட்டையாக, அப்புறம் வட்டமாக. நேரடியாக வட்டமாக்கப் பார்த்தால் கோணல்மாணலாகத்தான் வரும். கூர்முனையைக் கடைசிவரை தடியாகவே விட்டுவையுங்கள். தலைப்பக்கம் துளையின் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டராவது சதை இருக்கட்டும்.

பிறகு சுரண்டி, பிறகு தண்ணீரில் நனைத்த உப்புத்தாள்: 220, 400, 600, 1000. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கோடுகள் முழுதாக மறைந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். துளைக்குள்ளும் ஒரு நூலில் மெருகுப்பொடி தடவி உருவிவிடுங்கள். அங்கே சொரசொரப்பு இருந்தால் தைக்கும்போது நூல் அறும்.

கோடு போட்டு மை ஏற்றுவது

ஊசி கைவந்ததும் தட்டையான துண்டில் சித்திரம் வரையலாம். இதில் வரிசை தலைகீழ். முதலில் முழு மெருகு, கண்ணாடிபோல. மேலே மெல்லிய மெழுகு ஒரு பூச்சு. பிறகுதான் கூரிய எஃகு முனையால் கோடு கீறுவது. மெருகு போடாமல் கீறி மை தடவினால் எலும்பின் நுண்துளை எல்லாம் மையைக் குடித்து முகம் முழுக்கக் கறையாகும். கீறிய பிறகு கருப்பு மையைத் தடவி உடனே துடைத்தால் மை கோட்டுக்குள் மட்டும் நிற்கும். 19-ம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் திமிங்கிலப் பல்லில் செய்தது இதே வேலைதான். அவர்கள் விளக்குக் கரியைக்கூட மையாகத் தடவினார்கள்.

புடைப்பாகச் செதுக்க வேண்டுமென்றால் உருவத்தைச் சுற்றி முதலில் ஒரு ஆழக்கோடு வெட்டி, பின்னணியை அந்தக் கோட்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். உளியைச் சுத்தியால் அடிக்காதீர்கள். எலும்பு அடிக்கு விரிசல் விடும். கை அழுத்தம் மட்டும்தான் இங்கே செல்லும்.

கொம்பு: சூட்டின் வேலை

மாட்டுக் கொம்பு வாங்கியதும் உள்ளே இருக்கும் எலும்புக் கூம்பை எடுக்க வேண்டும். சில வாரம் தண்ணீரில் போட்டால் இடையில் உள்ள சவ்வு அழுகித் தானாகக் கழன்று வரும், நாற்றம் மட்டும் தெருவே எட்டிப் பார்க்கும். அவசரம் என்றால் அரைமணி நேரம் சுடுநீரில் வைத்து, மரக்கட்டையில் தட்டி உருவலாம்.

கொம்பின் நுனி திடமானது. பொத்தான், கைப்பிடி, சின்னச் சிற்பம் எல்லாவற்றுக்கும் அது போதும். அடிப்பாகம் வெற்றுக் குழாய். தகடு வேண்டுமானால் இந்த அடிப்பாகத்தை விரிக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் அரைமணி நேரம் போடுங்கள். இங்கே நன்றாகவே கொதிக்கலாம், கொம்பு கெடாது. இடுக்கியால் எடுத்து, தடித்த தோல் கையுறையோடு பிளவை மெல்ல விரித்துப் பாருங்கள். முரண்டு பிடித்தால் உடனே நிறுத்தி மறுபடி தண்ணீரில் போடுங்கள். நான்கைந்து தடவையில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். ஒரே மூச்சில் திறக்கப் பார்த்தால் 'டப்' என்று பிளந்துவிடும். ஓரளவு விரிந்ததும் இரண்டு தட்டையான பலகைக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கி, அடுத்த நாள் காலை வரை தொடாதீர்கள்.

நேரடி நெருப்பில் காட்டியும் இளக்கலாம், வேகமாக இளகும். ஆனால் ஒரு கணம் அசந்தால் கொப்புளம் விட்டு, அந்த இடம் முறுகிப் போகும். பழகும் வரை தண்ணீரே நல்லது.

தட்டையாக்கிய கொம்பு தன் பழைய வடிவத்தை மறப்பதில்லை. மறுபடி சுடுநீர் பட்டால் திரும்பச் சுருளப் பார்க்கும். அதனால் கொம்புக் கரண்டியைக் கொதிக்கும் குழம்பில் விடக் கூடாது.

வெளிர் நிறக் கொம்பை மெல்லியதாக இழைத்தால் ஒளி ஊடுருவும். கண்ணாடி விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் ஐரோப்பாவில் விளக்குகளின் ஜன்னல் இந்தக் கொம்புத் தகடுதான்.

சீப்புக்கு வருவோம். பல் எப்போதும் கொம்பின் நீளவாக்கில் இருக்க வேண்டும். தகட்டில் பென்சிலால் ஒவ்வொரு வெட்டுக்கும் கோடு போடுங்கள். பல்லின் அடியில் எல்லா வெட்டும் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. இரண்டு பக்கமும் தகட்டைத் தாங்கிப் பிடித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அறுக்காமல் ஓரத்திலிருந்து வரிசையாக அறுத்துக்கொண்டே போங்கள். பல்லின் நுனியையும் இடுக்கையும் முக்கோண அரத்தால் உருட்டி, உப்புத்தாளைக் கீற்றாகக் கிழித்து இடுக்கில் விட்டு இழுங்கள். அறுத்த சுவடு மீதி இருந்தால் ஒவ்வொரு முடியும் அதில் மாட்டும்; தலையில் வைத்ததும் தெரிந்துவிடும்.

மான் கொம்பு

சாதாரண எலும்பைவிட இதில் தாது குறைவு, கொல்லாஜன் அதிகம். மோதிச் சண்டை போடுவதற்காக வளர்ந்த பொருள் அல்லவா, அடி தாங்கும். வெளியே திடமான ஓடு, உள்ளே பஞ்சு. கிளை நுனிகள் மட்டும் முழுக்கத் திடம். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறினால் கத்திக்கே வழிவிடும் அளவுக்கு மேல்பகுதி இளகும், உலர்ந்தால் பழையபடி இறுகிவிடும்.

திடமான ஓடு மெல்லியது என்பதால் அகலமான தகடு கிடைக்காது. வட ஐரோப்பாவில் வைக்கிங் கடலோடிகள் காலத்துச் சீப்புக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நார் பல்லோடு ஓடும்படி சின்னச் சின்னத் தகடுகளை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இரண்டு நீளப் பட்டைகளுக்கு நடுவில் வைத்து ஆணி அடித்து இறுக்கினார்கள். பல் அறுத்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் கத்திக்கு கைப்பிடி போடுவதானால் நடுப் பஞ்சில் துளையிட்டு, கத்தியின் வாலை எபாக்ஸி பசையோடு இறக்கிவிடுங்கள். பஞ்சு பசையை நன்றாகக் குடிப்பதால் பிடி கெட்டியாக இருக்கும்.

மெருகும் பராமரிப்பும்

மூன்றுக்கும் மெருகு ஒன்றுதான். 1000 உப்புத்தாளுக்குப் பிறகு, நன்றாகச் சலித்த சாக்பீஸ் பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள். சாக்பீஸ் இல்லையென்றால் சலித்த மரச்சாம்பல். இரண்டும் இல்லையென்றால் பற்பசைகூட வேலை செய்யும். பத்து நிமிஷம் எதுவும் தெரியாது, கை வலிக்கும், விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்போதுதான் ஒரு மூலையில் பளபளப்பு எட்டிப் பார்க்கும்.

எலும்புக்கு எண்ணெய் வேண்டாம், மஞ்சளாகிவிடும். தேன்மெழுகு லேசாகத் தடவித் துடைத்தால் போதும். கொம்பு வறண்டால் அடுக்கு அடுக்காகப் பெயரும், அதற்கு ஆண்டுக்கு ஓரிருமுறை எண்ணெய் ஒரு சொட்டு. கொம்பைத் தின்னும் வண்டுகளும் உண்டு, கம்பளித் துணியை அரிக்கும் அதே கூட்டம். பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதானால் கூடவே ஒரு அந்துருண்டை போட்டு வையுங்கள். பெட்டியில் கிடக்காமல் தினமும் கையில் புழங்கும் சீப்பை வண்டு தொடுவதில்லை.